தூக்கமும் தோலும்: மருந்துக்கடையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் மருந்தாளுநர். டாக்டர் இல்லை, அழகுக்கலை நிபுணரும் இல்லை. மாலை நேரக் கவுன்டரில் நிற்பதால், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஏதாவது ஒரு க்ரீம் கேட்டு வருகிறவர்களோடுதான் பேச்சு அதிகம். ஃபேஸ்வாஷில் ஆரம்பிக்கிற பேச்சு எப்படியோ தூக்கத்தில் வந்து நிற்கிறது. ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. பின்னால் வரிசை நிற்கும்போது முழுசாகச் சொல்ல முடியாத பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ரெண்டு நாள் சரியா தூங்கலைன்னா முகம் டல்லா இருக்கு. நிஜமாவே அப்படியா, இல்ல நமக்கா தோணுதா?

நிஜம்தான். இதை ஸ்வீடனில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஸ்டாக்ஹோமில் இருக்கும் கரோலின்ஸ்கா நிறுவனத்துக்காரர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வு அது. 23 பேரை நன்றாகத் தூங்கவிட்டு ஒரு படம், சரியாகத் தூங்கவிடாமல் 31 மணி நேரம் விழிக்க வைத்து இன்னொரு படம், மேக்கப் கிடையாது, ஒரே வெளிச்சம். யார் தூங்கினார்கள், யார் தூங்கவில்லை என்று தெரியாத 65 பேரிடம் படங்களைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். தூங்காத முகங்களுக்குச் சோர்வு கூடவும் ஆரோக்கியம் குறையவும் மதிப்பெண் விழுந்தது. ஆனால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் அல்ல, அழகு என்ற கணக்கில் பார்த்தால் ரொம்பவே கொஞ்சம்தான்.

2013-ல் அதே குழு, பார்ப்பவர்கள் எதைப் பார்த்து "இவர் தூங்கவில்லை" என்று முடிவு செய்கிறார்கள் என்று கவனித்தது. இமை தொங்குவது, கண் சிவந்து வீங்குவது, கண்ணுக்குக் கீழே கருமை, தோல் வெளிறுவது, மெல்லிய கோடுகள், வாயோரம் கீழே இறங்குவது. பட்டியலில் பாதிக்கு மேல் கண்ணைச் சுற்றித்தான் இருக்கிறது. ஒரு ராத்திரி விழிப்பு கன்னத்தை விடக் கண்ணில்தான் முதலில் தெரியும்.

தூங்கும்போது தோல் தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கும்னு விளம்பரத்துல வருதே, அது உண்மையா?

விளம்பரம் சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் இழுத்துச் சொல்கிறார்கள். தோலின் மேலடுக்குச் செல்கள் பகலை விட ராத்திரியில் அதிகமாகப் பிரிந்து பெருகுகின்றன. வளர்ச்சி ஹார்மோன் பெரிய அளவில் சுரப்பது தூங்கிய முதல் சில மணி நேரத்தில் வரும் ஆழ்ந்த தூக்கத்தில். ராத்திரி தொடக்கத்தில் கார்டிசால் (மன அழுத்தத்தில் கூடும் ஹார்மோன்) மிகவும் குறைந்து, விடியற்காலையில் ஏறும். தூக்கம் கெட்டால் இந்த ஏற்ற இறக்கம் குழம்புகிறது.

தோலின் மேல்பகுதியை செங்கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவில் இருக்கும் கொழுப்பு சாந்து. ஈரம் வெளியே போகாமலும் அழுக்கும் கிருமியும் உள்ளே வராமலும் பார்ப்பது இந்தச் சுவர்தான். அமெரிக்காவின் க்ளீவ்லேண்டில் 60 பெண்களின் தோலில் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்து, இந்தச் சுவர் எவ்வளவு வேகத்தில் திரும்பக் கட்டப்படுகிறது என்று பார்த்தார்கள். நன்றாகத் தூங்குகிறவர்களிடம் மூன்று நாள் கழித்து மீட்சி சுமார் 30 சதவீதம் அதிகம். இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஓர் அழகுசாதன நிறுவனம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கும் முன்பே, 2001-ல் வந்த ஒரு சின்ன ஆய்விலும் தூக்கத்தைப் பறித்தபோது இதே சுவர் மெதுவாகத்தான் சரியானது.

பத்து மணிலேர்ந்து ரெண்டு மணிக்குள்ள தூங்கினாதான் தோலுக்கு நல்லதுன்னு ரீல்ஸ்ல சொல்றாங்களே?

மேலே சொன்ன ஆழ்ந்த தூக்கம் நீங்கள் தூங்க ஆரம்பித்ததும் வருவது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை. தினமும் பதினொன்றரைக்குப் படுப்பவருக்கு அந்த நேரத்தில் தொடங்கும். பத்து மணி தாண்டிவிட்டதே என்று பதறினால் இருக்கிற தூக்கமும் போய்விடும்.

ஆனால் தோலுக்கென்று ஒரு கடிகாரம் இருப்பது உண்மை. அஸீஸ் சன்ஜார் என்ற விஞ்ஞானி (டிஎன்ஏ பழுதுபார்ப்பு பற்றிய ஆய்வுக்காக 2015-ல் வேதியியல் நோபல் வாங்கியவர்) குழுவினர், எலிகளின் தோல் டிஎன்ஏ-வைச் சரிசெய்யும் வேகம் நேரத்துக்கு நேரம் மாறுவதை 2011-ல் காட்டினார்கள். பழுதுபார்ப்பு மந்தமான நேரத்தில் புறஊதாக் கதிர் பட்ட எலிகளுக்குப் புற்றுநோய் பல மடங்கு அதிகமாக வந்தது. மனிதர்களில் ஓர் உதாரணம்: இங்கிலாந்து, வேல்ஸ் தீக்காயப் பிரிவுகளில் 118 பேரின் பதிவேடுகளைப் பார்த்தபோது, பகலில் பட்ட காயம் ஆற சராசரியாக 17 நாள், ராத்திரி பட்ட காயத்துக்கு 28 நாள். அதற்காக ராத்திரி தோசை சுடாமல் இருக்க முடியாது. தூங்குகிற நேரத்தைத் தினம் தினம் மாற்றாதீர்கள் என்பதுதான் இதில் நமக்கு உபயோகப்படுகிற பாகம். எவ்வளவு நேரம் என்றால், பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது, பதின்வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10.

கருவளையத்துக்கு ஒரு நல்ல க்ரீம் குடுங்க. எட்டு மணி நேரம் தூங்கியும் போகலை.

அதிகம் வருகிற கேள்வி இது. தூங்கியும் போகவில்லை என்றால் தூக்கத்தால் வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு, இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம்மூர்த் தோலில் கண்ணைச் சுற்றிய கருமைக்குப் பெரும்பாலும் காரணம் பரம்பரை நிறமிதான், அம்மாவின் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தால் பல பேருக்கு விடை கிடைத்துவிடும். அப்புறம் தூசி அலர்ஜி: மூக்கடைத்துக்கொண்டு, கண் அரித்து, நாள் முழுக்கக் கசக்கினால் அங்கே தோல் தடித்துக் கறுக்கும். ரத்தசோகை இருந்தால் முகம் வெளிறி, இருக்கிற கருமை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பகலில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, கீழிமைத் தோலை விரலால் லேசாகப் பக்கவாட்டில் இழுங்கள். கருமை நிறம் மாறாமல் தோலோடு நகர்ந்தால் அது நிறமி. இழுத்ததும் ஊதாவோ நீலமோ கூடித் தெரிந்தால், மெல்லிய தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய். முகத்தை மேலே நிமிர்த்தி வெளிச்சம் நேராக விழுந்ததும் காணாமல் போனால், அது கண்ணுக்குக் கீழே இருக்கும் குழியின் நிழல், வயதோடும் எடை குறைவதோடும் வருவது. பலருக்கு இதில் இரண்டு சேர்ந்தே இருக்கும்.

தூக்கம் கைகொடுப்பது இரண்டாவது வகையில்தான், அதுவும் ஓரளவுக்கு. நிழலை எந்த க்ரீமாலும் தேய்த்து எடுக்க முடியாது. நிறமிக்கு சன்ஸ்க்ரீனும், கசக்காமல் இருப்பதும், அலர்ஜி இருந்தால் அதற்கு மருந்தும், பிறகு தோல் டாக்டர் எழுதித் தருவதும். ஆயிரம் ரூபாய் ஐ க்ரீமைக் கையில் எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பவர்களிடம் முதலில் ஹீமோகுளோபின் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறேன். முதலாளிக்கு இது பிடிக்காது.

காலைல எழுந்தா முகம் ஊதி இருக்கு, பத்து மணிக்கு சரியாயிடுது. கிட்னி ப்ராப்ளமா?

பத்து மணிக்குச் சரியாகிவிட்டால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. படுத்திருக்கும்போது உடம்பின் நீர் முகத்துப் பக்கமும் பரவும், எழுந்து நடமாடினால் இறங்கிவிடும். ராத்திரி அப்பளம், ஊறுகாய், கருவாடு, பரோட்டா சால்னா என்று உப்பு தூக்கலாகப் போயிருந்தால் கூடுதலாக ஊதும். மது குடித்த ராத்திரிக்கும் இதேதான், அதோடு தூக்கமும் துண்டு துண்டாகும். தலையணையை ஒரு அடுக்கு உயர்த்திப் பாருங்கள்.

மதியம் ஆகியும் வற்றாத வீக்கம், காலில் அமுக்கினால் குழி விழுவது, சிறுநீரில் நுரை, இவற்றில் ஒன்று இருந்தாலும் சிறுநீர்ப் பரிசோதனையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

கழுத்து பின்னாடி கருப்பா இருக்கு, எவ்ளோ தேய்ச்சாலும் போக மாட்டேங்குது. இதுக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது, ஆனால் சுற்று வழியில். கழுத்துப் பின்பக்கம், அக்குள், தொடையிடுக்கில் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுப்பதற்கு அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று பெயர். அது அழுக்கே கிடையாது. அதனால்தான் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தாலும் போகாது, தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை, அதனால் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது, அந்தக் கூடுதல் இன்சுலின் தோல் செல்களை வளரத் தூண்டுகிறது. சர்க்கரை நோய் வருவதற்குப் பல வருடம் முன்னாலேயே கழுத்து இப்படித் தகவல் சொல்லிவிடும்.

தூக்கம் இதில் எங்கே வருகிறது? சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு ராத்திரி நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள், ஒரே வாரத்தில் அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் விதம் கெட்டுப்போனது. 1999-ல் வந்த முடிவு இது. அப்புறம் குறட்டை. எடை கூடி, கழுத்து தடித்து, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு இன்சுலின் பிரச்சினை இன்னும் மோசமாகிறது. ஆக கழுத்துக் கருமையோடு சத்தமான குறட்டையும் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுவதும் இருந்தால், ப்ளீச் க்ரீமுக்குச் செலவழிக்கும் பணத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சி-யும் (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) எடுங்கள். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும், தாடையில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எக்ஸாம் டைம்ல மட்டும் பரு வருது. தூக்கம் கெடறதாலயா?

தூக்கம் மட்டும் என்று கையை நீட்ட முடியாது. பரீட்சை சமயத்தில் மன அழுத்தம் கூடுகிறது, நடுராத்திரி பிஸ்கட்டும் இனிப்பு டீயும் உள்ளே போகிறது, முகத்தில் கை வைத்துக்கொண்டே படிக்கிறோம். பரு உள்ளவர்களில் பலர் தூக்கம் சரியில்லை என்கிறார்கள், ஆனால் எது எதற்குக் காரணம் என்று பிரித்துச் சொல்லுமளவுக்கு உறுதியான சான்று இல்லை. மன அழுத்தம் பருவைக் கூட்டும் என்பதற்கும், சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் சாப்பாடு கூட்டும் என்பதற்கும் அதை விட நல்ல சான்று இருக்கிறது.

பரு நெற்றியிலும் தலைமுடி ஓரத்திலும் மட்டும் இருந்தால் இன்னொரு சந்தேகம்: ராத்திரி தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு அப்படியே படுக்கிறீர்களா? அந்த எண்ணெய் நெற்றியிலும் தலையணை உறையிலும் இறங்கும். எண்ணெயைக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து, அலசிவிட்டுப் படுங்கள், உறையை வாரம் ஒரு முறையாவது மாற்றுங்கள்.

மங்கு தூக்கம் கெட்டா வருமா?

மங்குக்கு முக்கியக் காரணங்கள் வெயில், ஹார்மோன் (கர்ப்பம், கருத்தடை மாத்திரை), பரம்பரை. தூக்கத்தைக் குறை சொல்லி சன்ஸ்க்ரீனை விட்டுவிடாதீர்கள்.

பகல்ல ஒண்ணும் இல்ல, படுத்தா போதும் உடம்பெல்லாம் அரிப்பு. ஏன் ராத்திரி மட்டும்?

ராத்திரி அரிப்பு கூடுவதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. தூங்கப் போகும் நேரத்தில் தோலின் வெப்பம் ஏறும், தோல் வழியாக ஈரம் வெளியேறுவது கூடும், அழற்சியை அடக்கும் கார்டிசால் குறைந்திருக்கும். பகலில் வேலையில் கவனம் போய்விடும், ராத்திரி நமக்கும் அரிப்புக்கும் நடுவில் யாரும் இல்லை. எனவே சாதாரண வறண்ட தோல்கூட படுத்ததும் அரிக்கும். குளித்து மூன்று நிமிடத்துக்குள் தேங்காய் எண்ணெயோ வாசனை இல்லாத மாய்ஸ்ச்சரைசரோ தடவினால் பாதிப் பேருக்கு அடங்கிவிடும்.

ஆனால் நான் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா?" ஆமாம் என்றால் அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பு, ஆண்களுக்குப் பிறப்புறுப்பு, இங்கெல்லாம் சின்னச் சின்னப் பொரி இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இதற்குப் பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம், கழுத்திலிருந்து கால் விரல் வரை ஓர் இடம் விடாமல் தடவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் குளிக்க வேண்டும். அரிக்கிறவர், அரிக்காதவர் எல்லாரும் ஒரே நாளில் தடவ வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. ஒருவர் மட்டும் ஒரு குழாய் வாங்கிப் போய்த் தடவிவிட்டு "வேலை செய்யலை" என்று திரும்பி வருவதுதான் வழக்கம். கைக்குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கிற வீடென்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தடவுங்கள்.

வட்டம் வட்டமாக ஓரம் சிவந்து அரித்தால் படர்தாமரை, அதற்கு வைத்தியமே வேறு. தோலில் எதுவும் இல்லை, அரிப்பு மட்டும் வாரக்கணக்கில் உடம்பு முழுக்க என்றால் கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, ரத்தம் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும்.

குழந்தைக்குக் கரப்பான். ராத்திரி எல்லாம் சொறிஞ்சுகிட்டே இருக்கான், நாங்களும் தூங்கலை. என்ன பண்றது?

கரப்பான் என்கிற எக்ஸிமாவில் அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் முன்னே சொன்ன அந்தச் சுவர் ஆற நேரமாகும், ஆறாத தோல் இன்னும் அரிக்கும். இந்தச் சுழலில் வீட்டில் மொத்தப் பேரும் மாட்டிக்கொள்வார்கள். சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கமாக ஒரு குளியல், துடைத்த கையோடு தாராளமாக மாய்ஸ்ச்சரைசர், பருத்தி உடை, ஒட்ட வெட்டிய நகம். டாக்டர் எழுதிய ஸ்டீராய்டு களிம்பைப் பயந்துகொண்டு பொட்டு வைப்பது போலத் தடவினால் பலனில்லை, அவர் சொன்ன இடத்தில், சொன்ன அளவில், சொன்ன நாள் வரை தடவ வேண்டும். இதே ஸ்டீராய்டைப் பற்றிக் கீழே பயமுறுத்தப் போகிறேன், இரண்டும் வேறு கதை.

தூக்கம் வரவைக்கிற அலர்ஜி சிரப்பை நீங்களாகவே தினமும் கொடுக்காதீர்கள். அது குழந்தையை மயங்க வைக்கும், கரப்பான் அரிப்பை அவ்வளவாகக் குறைக்காது.

நான் நைட் ஷிப்ட். பகல்ல ஏழு மணி நேரம் தூங்குறேன். அது கணக்குல வருமா?

வரும். தூங்காமல் இருப்பதோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் பகல் தூக்கம் பொதுவாகக் குறைவாகவும் மேலோட்டமாகவும் இருக்கும்: வெளிச்சம், குக்கர் விசில், கீரைக்காரம்மா, கூரியர். உடம்பின் கடிகாரம் இது பகல் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வாராவாரம் மாறுகிற ஷிப்டை விட ஒரே ஷிப்ட் பரவாயில்லை என்பது நர்ஸ்களும் கால் சென்டர்காரர்களும் சொல்லக் கேட்பது, கடிகாரக் கணக்குப்படியும் அது சரிதான்.

செய்ய முடிந்தது: காலையில் வேலை முடிந்து வரும்போது வெளிச்சத்தைக் குறைக்க ஒரு கூலிங் கிளாஸ் (வண்டி ஓட்டும்போது கண் சொக்கினால் வேண்டாம்), அறைக்குத் தடித்த திரை, ஃபோன் சைலன்ட். ஷிப்டின் கடைசி நான்கைந்து மணி நேரத்தில் காபி வேண்டாம், குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி மாய்ஸ்ச்சரைசர். உங்களுக்கு "நைட்" க்ரீம் போடும் நேரம் காலை எட்டு மணி, வெட்கப்படாமல் போடுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மதியம் சாப்பிட எழுப்பாதீர்கள்.

ஃபோன் வெளிச்சத்துல முகம் கறுக்குமா? ப்ளூ லைட் க்ரீம் இருக்கா?

இருக்கிறது, விலையும் இருக்கிறது. ஃபோன் திரையின் வெளிச்சம் வெயிலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வெயிலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளி மாநிறத் தோலைக் கறுக்க வைக்கும், மங்கு உள்ளவர்களுக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்க்ரீனை டாக்டர்கள் எழுதுவது அதனால்தான். ஃபோன் செய்கிற கெடுதல் வேறு. பத்தரைக்குப் படுத்தவர் ஒன்றரை வரைக்கும் அடுத்த வீடியோ, அடுத்த வீடியோ என்று தள்ளிக்கொண்டிருப்பார். அதற்கு க்ரீம் கிடையாது.

ஃப்ரெண்ட் ஒரு நைட் க்ரீம் போட்டு ஒரே வாரத்துல பளிச்சுன்னு ஆயிட்டா. அதே வேணும்.

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆக்கும் க்ரீம் என்றால் எனக்கு உடனே இரண்டு சந்தேகம் வரும்: ஸ்டீராய்டு, பாதரசம்.

குழாயைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் கூடவே இருந்தால் அந்த மூன்று கூட்டு மங்குக்கு டாக்டர் பார்வையில் குறிப்பிட்ட காலம் மட்டும் தருவது. நம் நாட்டு விதிப்படி இவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. முகத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, பருவும் ரோமமும் வந்து, வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து கொப்பளிக்கும், பயந்துபோய் மறுபடி தடவுவார்கள். ஏற்கெனவே ரொம்ப நாளாகத் தடவுகிறவர்கள் படாரென்று நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் காட்டி நிறுத்துங்கள். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவி, அது உடம்பெல்லாம் பரவி வருகிறவர்களும் இதே கதைதான்.

பொருள் பட்டியலே இல்லாமல், யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, ஆன்லைனில் வாங்கியது என்று வரும் டப்பாக்களில் பாதரசம் இருக்கலாம். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிவப்பழகு க்ரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்து செய்தியானது. மற்றபடி நியாயமான நைட் க்ரீம் என்பது கொஞ்சம் கெட்டியான மாய்ஸ்ச்சரைசர், சன்ஸ்க்ரீன் கலக்காதது, அவ்வளவுதான்.

அப்போ ரெட்டினால் மட்டும் ஏன் ராத்திரி போடச் சொல்றாங்க?

ரெட்டினாலும், அதன் குடும்பத்தைச் சேர்ந்த ட்ரெட்டினோயின் மாதிரி மருந்துகளும் வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும், தோலையும் வெயிலுக்குக் கூச வைக்கும். அதனால்தான் ராத்திரி. பட்டாணி அளவு, முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஆரம்பத்தில் வாரம் இரண்டு மூன்று ராத்திரி. காலையில் சன்ஸ்க்ரீன் கட்டாயம். கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் தொடவே வேண்டாம்.

எண்ணெய் தேய்ச்சு குளிச்சா நல்லா தூக்கம் வருது. ஆனா அன்னிக்கு பகல்ல தூங்கக் கூடாதுன்னு பாட்டி சொல்றாங்க. எது சரி?

"சனி நீராடு" என்று ஔவையார் சொன்னதற்கு யாரும் எதிர்வாதம் செய்வதில்லை. எண்ணெய் வைத்து, வெந்நீர் ஊற்றி வந்தால் தூக்கம் வருவதற்குக் காரணம் உண்டு. வெந்நீரில் கை காலில் ரத்த ஓட்டம் கூடி, குளித்து முடித்ததும் உடம்பின் உள்வெப்பம் இறங்குகிறது, அந்த இறக்கம் தூக்கத்துக்கு வழிவிடுகிறது. படுப்பதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்னால் வெந்நீரில் குளித்தால் சீக்கிரம் தூக்கம் வரும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

பகல் தூக்கம் பாட்டி சொன்ன காரணத்தால் கெடுதலா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் மதியம் இரண்டு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினால் ராத்திரி ஒரு மணி வரை விட்டத்தைப் பார்ப்பீர்கள். அரை மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள், பாட்டியிடம் சொல்ல வேண்டாம். வறண்ட தோலுக்கு எண்ணெய் நல்லது, பரு இருக்கிற முகத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சீயக்காய் போட்டு முகத்தைத் தேய்ப்பதும் வேண்டாம்.

ஏசில தூங்கினா தோல் காயுது, இல்லைன்னா வேர்க்குரு. எதுதான் செய்ய?

வேர்த்துக் கொட்டி விழித்துக்கொண்டே இருப்பதை விட ஏசி மேல். 25, 26-ல் வைத்து, கூடவே மின்விசிறி போட்டு, படுக்கும் முன் கை காலுக்கு மாய்ஸ்ச்சரைசர் தடவுங்கள். ஏசி இல்லாத வீட்டில் படுக்கும் முன் ஒரு குளியல், பருத்தி விரிப்பு. வேர்க்குருவுக்கு மேல் பவுடரைக் கொட்டி அப்ப வேண்டாம், தேவை காற்று.

குப்புறப் படுத்தா முகத்துல சுருக்கம் விழுமாமே? பட்டுத் தலையணை உறை வாங்கலாமா?

ஒரே பக்கம் வருடக்கணக்கில் முகத்தை அழுத்திப் படுப்பவர்களுக்கு அந்தப் பக்கம் அழுத்தக் கோடுகள் விழலாம். ஆனால் வெயில் போடும் சுருக்கத்துக்கு முன்னால் இது சின்ன விஷயம். மல்லாந்து படுத்தால் குறட்டை விடுகிறவர் அழகுக்காக மல்லாந்து படுக்க வேண்டாம், ஒருக்களித்தே படுங்கள். பட்டு உறை வழுக்கும், முடி சிக்கு குறையும். வாங்கினால் தவறில்லை, வாங்காவிட்டால் நஷ்டமும் இல்லை.

வாரம் பூரா அஞ்சு மணி நேரம், ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணி நேரம். பேலன்ஸ் ஆயிடுமா?

கண் வீக்கமும் வெளிறலும் ஓரிரு நல்ல ராத்திரியில் திரும்பிவிடும். அந்த மட்டில் பேலன்ஸ். ஆனால் ஞாயிறு பதினொரு மணிக்கு எழுந்தவருக்கு அன்று ராத்திரி தூக்கம் வராது, திங்கள்கிழமை மறுபடி கடனில்தான் விடியும். ஞாயிறு ஒன்றரை மணி நேரம் கூட்டி, மற்ற நாட்களில் அரை மணி நேரம் முன்னால் படுப்பது நடக்கிற காரியம்.

கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள் இந்தப் பதிலைப் படித்துப் பல்லைக் கடிக்க வேண்டாம். உங்களுக்கு அட்டவணை கிடையாது. ராத்திரி ஒரு தடவையாவது குழந்தையை வேறு யாராவது பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம், அந்த வேறு யாராவது பெரும்பாலும் என் கவுன்டருக்கு வந்து மனைவிக்குக் கருவளைய க்ரீம் கேட்பவர்தான்.

தூக்க மாத்திரை போட்டுத் தூங்கினா தோலுக்கு அதே பலன் கிடைக்குமா? இல்லைன்னா ஒரு அவில் குடுங்க போதும்.

சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை தர மாட்டேன், முகத்துக்காகக் கேட்டால் கண்டிப்பாகத் தர மாட்டேன். அவில் மாதிரி பழைய அலர்ஜி மாத்திரைகள் மயக்கத்தைத் தரும், கொஞ்ச நாளில் உடம்பு பழகிப்போய் அந்த மயக்கமும் குறையும், மறுநாள் காலை தலை கனக்கும். வயதானவர்களுக்குத் தடுமாறி விழுவது, சிறுநீர் அடைப்பது என்று வேறு வம்பு. மூன்று மாதமாக வாரத்தில் மூன்று நாளாவது தூக்கம் வராமல் தவிக்கிறீர்கள் என்றால் அதற்கு மாத்திரை இல்லாத பயிற்சி முறை சிகிச்சை இருக்கிறது, டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

டாக்டர்கிட்ட போனா ரெண்டு நிமிஷம்தான் பார்க்கிறார். தோலுக்குப் போகும்போது தூக்கத்தைப் பத்தி என்ன சொல்லணும்?

நான்கு தகவல் போதும். அரிப்பால் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது, குறட்டை உண்டா (இதைக் கூடப் படுப்பவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள், நமக்கே தெரியாது), வேலை நேரம் என்ன. சோரியாசிஸ் மாதிரி நாள்பட்ட தோல் நோய் இருப்பவர்கள் தூக்கம் வரவில்லை என்பதைத் தனியாக வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைக் கேட்டு மருந்தை மாற்றுகிற டாக்டர்கள் இருக்கிறார்கள், கேட்காமல் தானாகத் தெரிந்துகொள்கிறவர்கள் குறைவு.

அப்புறம், இதுவரை தடவிய எல்லாக் குழாயையும் டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "வெள்ளைக் கலர் ட்யூப், பச்சை மூடி" என்றால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால் வாங்கின கடை பில்லைத் தேடுங்கள், அதில் பெயர் இருக்கும்.